மறுமொழி: மிகைவலுவளவா, உயரணைவா?

மதிப்பிற்குரிய ஐயாவுக்கும் குழும அன்பர்களுக்கும் வணக்கம்.

வெள்ளீயம் (tin) போன்ற அணு வழமையான நான்கைவிடக் கூடுதலான அணுக்களைப் பற்றி நிற்பதைக் குறிக்க, நம் சொற்பட்டியலுக்கென ஐயா முன்மொழிந்த ‘மிகைவலுவளவு’ எனக்கு உடன்பாடில்லை; ‘உயரணைவு’ என்பதே என் விருப்பம். 1969இல் வேதியியலாளர் மஷர் ஆங்கிலத்தில் ஆக்கிய ‘hypervalent’ என்ற சொல்லுக்கு அது நேர் நிகர்தான். குறை மூலச்சொல்லிலேயே இருக்கிறது. பிரிடீன் மூலக்கூறு சேர்ந்த மும்மெதைல் வெள்ளீயக் குளோரைட்டில் வெள்ளீயத்தைச் சுற்றி ஐந்து அணுக்கள் நிற்பதை 1963இலேயே எக்ஸ்-கதிர்ப் படிகவியல் அளந்து காட்டிவிட்டது. வலுவளவு (valency, அதாவது அணுவின் பிணைப்புத் திறன்) கூடிவிட்டது என்பதோ பிணைப்பைப் பற்றிய ஊகம்.

மும்மெதைல் வெள்ளீயப் புளோரைட்டைப் பாருங்கள். மூன்று மெதைல் கூட்டங்களும் வெள்ளீயத்துடன் ஏறக்குறைய ஒரே தளத்தில். மேலும் கீழும் புளோரீன். ஒவ்வொரு புளோரீனும் அடுத்த வெள்ளீயத்தையும் பாலம்போலப் பற்றிக்கொள்வதால் திண்மத்தில் சங்கிலி நீள்கிறது. இப்பாலம் வலுக்குறைந்த குளோரைட்டு 40 பாகை செல்சியசுக்குள் உருகிவிட, புளோரைட்டு 300ஐத் தாண்டியும் உருகாமல் நிற்கிறது. சேதனத் (கரிமத்) தொகுப்பு ஆய்வுகூடத்தில் பொற்றாசியம் புளோரைட்டுக் கரைசலைச் சேர்த்துக் குலுக்கினால், மிச்சமிருக்கும் முப்பியூற்றைல் வெள்ளீயக் கழிவு வெண்திண்மமாகப் படிவதும் இத்தகைய சங்கிலியால்தான்.

அச்சில் கிடக்கும் புளோரீன், வெள்ளீயம், புளோரீன் மூன்றுக்கும் பொதுவாக நான்கு இலத்திரன்கள். ஒரு சோடி மூன்றையும் பிணைக்கிறது. மறு சோடி இரு முனைப் புளோரீன்களிலேயே தங்கிவிடுகிறது. மின்னெதிர்த்தன்மை (இலத்திரனை ஈர்க்கும் இயல்பு) மிக்க அணுக்கள் அச்சு முனைகளை நாடுவதும், அச்சுப் பிணைப்புகள் சற்று நீண்டு தளர்வதும் இதனால்தான். வெள்ளீயத்தின் டி ஒபிற்றல்களை (d வகை இலத்திரன் மண்டலங்களை) கலக்கத் தேவையே இல்லை. வலுவளவு நான்கு நான்காகவே இருக்கிறது.

‘மிகை’ மீதும் எனக்கு ஒரு மனத்தாங்கல். நன்னூல் பத்துக் குற்றங்களுள் ‘மிகைபடக் கூறல்’ ஒன்று; மிகை என்றாலே அளவு மீறியது என்றுதான் நம் காது கேட்கும். நான்கு நைத்திரேற்றுகளும் இரண்டிரண்டு ஒட்சிசனால் பற்ற, எட்டு ஒட்சிசன் சூழ இருக்கும் வெள்ளீயத்துக்கு அளவு எங்கே மீறியது? பேரணு, இடம் இருக்கிறது. ஆவர்த்தன அட்டவணையில் அதே கூட்டத்துக் காபன் சிறியது, நான்கோடு நின்றுவிடுகிறது.

‘உயரிணைப்பு’ என்று சகோதரி ஒருவர் எழுதியிருந்தார். பொருள் பொருந்துகிறது. ஆனால் பிணைப்பும் இணைப்பும் ஒரே வரியில் வந்தால், இலங்கை மலையகத்து ஹட்டனில் என் உயர்தர மாணவர்களின் விடைத்தாளில் ஓரெழுத்து பிறழ்ந்து விடையே மாறிவிடும். தமிழ்நாட்டுப் பாடநூல்களின் ‘அணைவு எண்’ணிலிருந்து (ஓரணுவைச் சுற்றிப் பிணைந்த அணுக்களின் எண்ணிக்கை) கடன் வாங்கலாம்: உயரணைவு. ஐயணைவு, ஆறணைவு, ஏழணைவு என்று தடையின்றிப் புணர்கிறது. எட்டுக்கு மட்டும் ‘எண்ணணைவு’ வேண்டாம். அணைவு எண்ணோடு மோதும். எட்டணைவு என்றே இருக்கட்டும்.

வெள்ளீயச் சேர்மங்களைத் ‘தகரச் சேர்வை’ எனலாம் என்ற யோசனையை மலையகத்தில் எவரும் ஏற்கமாட்டார். எங்கள் பிள்ளைகளுக்குத் தகரம் என்றால் லயன் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) கூரை. அது நாகம் (துத்தநாகம்) பூசிய இரும்பு.

ஒன்று இன்னும் தீரவில்லை. வழமையான பிணைப்பு நீளத்தைவிட எட்டியும், வந்தர்வாலிசு ஆரைகளின் (பிணையாத அணுக்கள் நெருங்கும் எல்லையைக் காட்டும் ஆரைகளின்) கூட்டுத்தொகையைவிடக் கிட்டியும் ஐந்தாவது அணு ஒன்று நின்றால், அதை எண்ணுவதா விடுவதா? 4+1 என்று எழுதுவோர் உண்டு. அதை ‘நான்குடன் ஒன்று’ என்று வாசித்துக்கொள்ளலாமா, தனிச்சொல் வேண்டுமா? சொற்பட்டியல் அச்சுக்குப் போகுமுன் ஐயா தம் கருத்தை எழுதினால் நல்லது.