கல்லூரி நூலகர் வேலை: புத்தகம் கொடுத்து வாங்குறதைத் தாண்டி மாணவர் தேர்ச்சிக்கு என்ன செய்யலாம்? (சேலம்)

சூரமங்கலம் வாசகி:

வணக்கம். எம்.லிப் (நூலக அறிவியல் முதுகலை) முடிச்சாச்சு, நெட் (கல்லூரி ஆசிரியர், நூலகர் வேலைக்கான தேசியத் தகுதித் தேர்வு) இனிமேதான். சேலம் சுற்றுவட்டாரக் கலை அறிவியல் கல்லூரிகள்ல நூலகர் வேலை தேடுறேன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள்ல ‘ஸ்டூடன்ட் சக்சஸ் லைப்ரேரியன்’னு தனிப் பதவியே இருக்கு. சேர்ந்த மாணவர் நடுவுல நின்னு போகாம பட்டம் வாங்குற வரைக்கும் நூலகம் எப்படித் துணை நிற்கணும்னு பார்க்கிறதுதான் அவங்க வேலை. நம்ம பக்கம் அந்தப் பேர்ல பதவி இல்ல, ஆனா தேவை நிறைய: வீட்டுல முதல் பட்டதாரிகள், பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில படிச்சவங்க, ஏற்காட்டு மலைக் கிராமங்கள்ல இருந்து பஸ்ல இறங்கி வர்றவங்க.

தகுதிக்கு என்ன வழி? சேர்ந்த முதல் செமஸ்டர்ல எதைக் கையில எடுக்கணும்? பலன் இருக்குன்னு நிர்வாகத்துக்கு எதை வச்சுக் காட்டுறது? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நூலடுக்கு:

தகுதியை முதல்ல முடிச்சிடலாம். யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி கல்லூரி நூலகருக்கு நூலக அறிவியல் முதுகலையில 55 சதவீதம் வேணும். அதோட நெட் அல்லது செட் (மாநில அளவுத் தகுதித் தேர்வு), இல்லைன்னா விதிமுறைப்படி வாங்கின பிஎச்.டி. சம்பளம் லெவல் 10, ஆரம்பம் ரூ.57,700. சுயநிதிக் கல்லூரியில இந்தத் தொகையை எதிர்பார்க்காதீங்க. ஆனா நெட் இருந்தா பேரம் பேச ஒரு பிடி கிடைக்கும்.

நெட்ல நம்ம பாட எண் 59. மூணு மணி நேரம், 150 கேள்வி, 300 மதிப்பெண். தப்பான பதிலுக்கு மதிப்பெண் குறையாது, அதனால ஒரு கேள்வியைக்கூட விடக் கூடாது. நம்ம ஆளுங்க பாடத்துக்கான ரெண்டாம் தாளையே உருப்போட்டு, பொதுவான முதல் தாளோட தரவு விளக்கம், தர்க்கக் கேள்விகள்ல கோட்டை விடுறாங்க. நூலகப் பணிகளுக்கு டிஎன்பிஎஸ்சி அறிவிப்பு வருதான்னும் கவனிச்சுட்டு இருங்க.

நேர்காணல்ல இப்போ நூலக அறிவியல் முன்னோடி ரங்கநாதனோட ஐந்து விதியை (1931) ஒப்பிச்சா மட்டும் போதாது, கோஹாங்கற நூலக மென்பொருள்ல உட்கார வச்சு ஒரு புத்தகத்தைப் பதியச் சொல்லுவாங்க. ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு புல எண்: 245 தலைப்பு, 100 ஆசிரியர், 020 ஐஎஸ்பிஎன், 082 டியூயி வகைப்பாட்டு எண், 952 பிரதி விவரம். இதெல்லாம் கை தானா அடிக்கணும். தமிழ் இலக்கியத்துக்கு டியூயி எண் 894.811.

சேர்ந்த பிறகு அடுத்த சம்பள நிலையான லெவல் 11க்குப் போக பிஎச்.டி இருந்தா 4 வருஷம், எம்.ஃபில் இருந்தா 5, ரெண்டும் இல்லைன்னா 6. பயிற்சி வகுப்புகளும் முடிச்சிருக்கணும்.

கன்னங்குறிச்சி பட்டியலாளர்:

முதல் செமஸ்டர்ல செமினார், புத்தகக் கண்காட்சின்னு ஓடாதீங்க. துறை துறையாப் போய்ப் பாடத்திட்டத்தை வாங்குங்க. ஒவ்வொரு தாளுக்கும் குறிச்சிருக்கிற பாட நூல் அலமாரியில இருக்கா, எத்தனை பிரதி, வகுப்புல எத்தனை பேர்னு ஒரு எக்செல் தாள் போடுங்க. பிரச்சினை எங்கன்னு அங்கேயே தெரிஞ்சிடும்.

கணக்கு இப்படி: 60 பேர் வகுப்பு, 3 பிரதி, 14 நாள் கடன். 18 வார செமஸ்டர்ல ஒரு பிரதி 9 கை மாறும். மொத்தம் 27 பேர். எல்லாரும் ஒரு தடவை புதுப்பிச்சா ஒரு பிரதிக்கு முழுசா 4 பேர், மொத்தம் 12 பேரோட நின்னுடும். மிச்சப் பேர் நோட்ஸ் ஜெராக்ஸ்தான்.

இதுக்குப் பணம் கேட்டு நிற்கறதுக்கு முன்னாடி விதியை மாத்துங்க. ஒரு பிரதியை வெளியே விடாம உள்ளேயே வைங்க, ஒண்ணை இரவுக் கடனா மாத்துங்க, ஒண்ணு மட்டும் வழக்கமான கடன். கோஹாவுல இதுக்குன்னே கோர்ஸ் ரிசர்வ் பகுதி இருக்கு. நிர்வாக அமைப்புல இயக்கினாத்தான் கண்ணுல படும். தாள் பேர், ஆசிரியர் பேர் போட்டு அந்தப் பிரதிகளை அதுல சேர்த்துட்டா மாணவர் தேடல் பக்கத்துலயே தாள்வாரியாத் தெரியும்.

இரவுக் கடன்ல எல்லாரும் சறுக்குற இடம் ஒண்ணு. கடன் காலத்தை ‘1 நாள்’னு வச்சா கோஹா மறுநாள் இரவு 11.59க்குத்தான் கெடு போடும். காலையில புத்தகம் வராது, அடுத்தவருக்குக் கிடைக்காது. அலகை மணி நேரத்துக்கு மாத்தி 17 போடுங்க: மாலை 4க்கு எடுத்தா காலை 9க்கு வந்தாகணும். வழக்கமான கடன்ல புதுப்பித்தல் ஒரே தடவை. வேற யாராவது முன்பதிவு போட்டிருந்தா அதுவும் கிடையாது.

அடுத்தது தமிழ்த் தேடல். பழைய பட்டியல் பாமினி மாதிரி எழுத்துருவுல இருந்தா திரையில தமிழாத் தெரியும், உள்ளே இருக்கிறது ஆங்கில எழுத்து. யாரு தேடினாலும் சிக்காது. யூனிகோடுக்கு மாத்தித்தான் ஏத்தணும். ஏத்தின பிறகும் கிடைக்கலைன்னா கோஹாவோட ஜீப்ரா தேடுபொறி பழைய சிஎச்ஆர் முறையிலயே அட்டவணை போடுதுன்னு அர்த்தம். யூனிகோடுக்கு ஏத்த ஐசியூ முறைக்கு மாத்தி, மொத்த அட்டவணையையும் மறுபடி கட்டச் சொல்லுங்க. மாத்திட்டு மறுபடி கட்டாம விட்டா ஒரு பயனும் இல்ல.

சூரமங்கலம் வாசகி:

17 மணி நேரம்ங்கறதை இப்பவே குறிச்சுக்கிட்டேன், நன்றிங்க. மாணவர்களுக்குத் தேடக் கத்துக்கொடுக்கிற வகுப்பு? முதல் வாரம் எல்லாரையும் நூலகத்துக்குக் கூட்டிட்டு வந்து சுத்திக் காட்டுறதுதான் வழக்கமா இருக்கு.

ஜவ்வரிசி:

அந்தச் சுற்றுலாவுல கழிவறை எங்க இருக்குன்னு மட்டும்தான் மனசுல நிற்கும். அசைன்மென்ட் கொடுத்த பிறகு, கெடுவுக்கு ஒரு வாரம் முன்னாடி, அவங்க வகுப்புலயே 20 நிமிஷம் ஒதுக்கித் தரச் சொல்லி ஆசிரியர்கிட்ட கேளுங்க. ஆசிரியர் கூட இருக்கணும், தலைப்பு மாணவர் கையில இருக்கணும்.

நம்ம ஊர் உதாரணம் எடுங்க. பி.காம் மாணவர்கள் நிறையப் பேர் சேகோ (ஜவ்வரிசி) தொழிலைப் பத்தி புராஜெக்ட் பண்ணுவாங்க. ‘சேகோ’ன்னு ஆங்கிலத்துல தேடினா மலேசியா, இந்தோனேசியா கட்டுரைகளா வந்து கொட்டும், அது சேகோ பனைமரத்து மாவு. நம்மது மரவள்ளிக் கிழங்கு. அதனால ‘கசாவா ஸ்டார்ச்’, ‘டாப்பியோகா’ ரெண்டையும் நடுவுல ‘ஆர்’ (OR, அல்லது) போட்டு, அதோட ‘சேலம்’, ‘தமிழ்நாடு’ சேர்த்துத் தேடணும். 1981ல தொடங்கின சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தோட பேரையும் தனியாத் தேடலாம். தாவரவியல் மாணவருக்கு மலைப் பேர்ல இதே சிக்கல்: ஷெவராய், ஷெவராய்ஸ், சேர்வராயன், ஏர்காடு எல்லாத்தையும் போட்டாத்தான் கட்டுரை முழுசா வரும்.

தமிழ் வழியில வந்தவங்களுக்கு இந்தச் சொல் பட்டியல்தான் பாதிக் கிணறு. ஒரு ஏ4 தாள்ல இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் தேட வேண்டிய ஆங்கிலச் சொற்கள். துறைக்கு ஒண்ணு போட்டு ஒட்டுங்க.

எங்க தேடுறதுன்னா, அரசுக் கல்லூரிக்கு 2025 ஜனவரி 1 முதல் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ங்கற ஒன்றிய அரசோட மின்னிதழ்த் திட்டம் இருக்கு: 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 இதழ்கள். சுயநிதிக் கல்லூரி அந்த முதல் கட்டத்துல இல்ல. அங்க இன்ஃப்லிப்நெட்டோட (யூஜிசியோட நூலக வலையமைப்பு மையம்) என்-லிஸ்ட்ங்கற மின்னூல், மின்னிதழ் சந்தா கட்டியிருக்கான்னு பாருங்க. கட்டியிருந்தும் மாணவர் கணக்கு திறக்காமலே கிடக்கறது சகஜம். மின்னஞ்சல் முகவரி தப்பா ஏத்தியிருப்பாங்க, இல்ல கடிதம் ஸ்பாம்ல கிடக்கும். வகுப்புலயே எல்லாரையும் போனை எடுக்கச் சொல்லி அங்கேயே உள்ளே நுழைய வச்சுடுங்க.

நூலடுக்கு:

நிர்வாகத்துக்குக் காட்டுற விஷயம். நாக் (கல்லூரித் தர மதிப்பீட்டு அமைப்பு) ஆய்வுக்கு வாசல் பதிவேட்டு எண்ணிக்கை கேட்பாங்க, கொடுத்துடுங்க. அதை வச்சு மாணவர் தேறுறாங்கன்னு சொல்ல முடியாது. மின்விசிறிக்காக வர்றவரும் அதுல கையெழுத்து போடுறார். இங்கிலாந்துல ஹடர்ஸ்ஃபீல்டு பல்கலைக்கழகம் வேற 7 பல்கலைக்கழகங்களைக் கூட்டுச் சேர்த்து 2011ல இதைப் பார்த்தது. புத்தகம் எடுத்ததுக்கும் மின்னிதழ் பயன்பாட்டுக்கும் பட்ட மதிப்பெண்ணோட தொடர்பு தெரிஞ்சது; வாசலைத் தாண்டி உள்ளே வந்த எண்ணிக்கைக்கு அப்படி உறுதியாத் தெரியலை. தொடர்பு இருக்குன்னா அதுதான் காரணம்னு ஆகாதுன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. நீங்களும் அறிக்கையில அந்த வரியைச் சேருங்க.

கோஹா அறிக்கைப் பகுதியில எஸ்க்யூஎல் (தரவுத்தளத்துல விவரம் கேட்கிற மொழி) எழுதலாம். முதலாண்டு மாணவர்கள்ல சேர்ந்த நாள்லேர்ந்து ஒரு புத்தகம்கூட எடுக்காதவங்க துறைவாரியா எத்தனை பேர்னு மாசம் ஒரு தடவை எடுங்க. துறைத் தலைவருக்கு எண்ணிக்கை மட்டும் போகட்டும். யாரு என்ன படிக்கிறாங்கங்கற பட்டியலை யாருக்கும் தராதீங்க, கேட்டாலும்.

கன்னங்குறிச்சி பட்டியலாளர்:

ஒரு புத்தகம்கூட எடுக்காதவங்களை எண்றது நல்ல யோசனைங்க. ஆனா அதுல பாதிக்குக் காரணம் அபராதமா இருக்கும். சின்னத் தொகைதான், ஆனா ஹால் டிக்கெட் நேரத்துல நோ டியூஸ் கையெழுத்துக்கு அலைஞ்ச சீனியரைப் பார்த்த பிள்ளை அப்புறம் புத்தகமே எடுக்காது. பாட நூலுக்குப் பணத்துக்குப் பதிலா, திருப்பித் தர்ற வரைக்கும் அடுத்த புத்தகம் கிடையாதுன்னு வைங்க. அது போதும்.

இருபது வளைவு:

மலைப் பிள்ளைங்களைப் பத்தி யாரும் சொல்லலை. மாலை 6 வரை நூலகம் திறந்திருக்குன்னு பெருமைப்பட்டா அவங்களுக்குப் பிரயோஜனம் இல்ல. பஸ் நேரத்துக்கு ஓடியாகணும். மதிய இடைவேளையில கவுன்டரை மூடாம, ஆளை மாத்தி உட்கார வைங்க. 17 மணி நேரக் கடனும் இவங்களுக்கு ஒத்து வராது, ஒரு பஸ் தப்பினா கெடு தப்பிடும். தனி வாசகர் பிரிவு போட்டு வெள்ளி மாலை எடுத்து திங்கள் காலை தர்ற மாதிரி விதி வைங்க. விடுதியில தங்கறவங்க வெள்ளிக்கிழமை அந்தப் பிரதியைக் கேட்டா கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க.

மழைக்காலத்துல மண் சரிஞ்சு மலைப்பாதை அடைச்சா கோஹா நாட்காட்டியில விடுமுறை போட முடியாது, அது எல்லாருக்கும் ஆயிடும். கருவிகள் பகுதியில மொத்தமாக் கெடு நீட்டிக்கிற வசதி இருக்கு, அந்தப் பிரிவை மட்டும் தேர்ந்தெடுத்து நீட்டிக்கலாம்.

சிக்னல் இல்லாத ஊருக்குப் போறவங்க கட்டுரையைக் கல்லூரியிலயே பென் டிரைவ்ல இறக்கிட்டுப் போகட்டும். தேவையான கட்டுரை நாலைஞ்சு, அவ்வளவுதான். ஒரு இதழ் முழுக்கச் சரசரன்னு இறக்கினா பதிப்பகம் கல்லூரி ஐபி முகவரியையே தடுத்துடும்; அப்புறம் மலைக்கும் இல்ல, ஊருக்கும் இல்ல.