டி.யு.ஐ. வழக்குக்குப் பிறகு விமானி வேலை: அருகிலிருந்து பார்த்தவர்களின் அனுபவங்கள்

விமானப் பயிற்றுநர், அரிசோனா:

அமெரிக்காவில் குடித்துவிட்டுக் கார் ஓட்டிய குற்றத்துக்காக (அங்கே இதைச் சுருக்கமாக டி.யு.ஐ. என்பார்கள்) தண்டனை பெற்ற ஒருவர் விமான நிறுவனத்தில் விமானியாக முடியுமா என்ற கேள்வியோடு என் மாணவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் வந்தார். வணிக விமானி உரிமம் பெற்று, பறப்பு நேரத்தைச் சேர்த்துக்கொண்டிருந்த சமயம் அது. மூச்சுச் சோதனையில் அவருடைய இரத்த மது அளவு சட்ட வரம்பான 0.08 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அவர் மேசைமேல் பரப்பிய காகிதங்களில் நீதிமன்ற அழைப்பாணையைத்தான் அவர் திரும்பத் திரும்பப் படித்தார். அதனடியில் கிடந்த, மாநிலப் போக்குவரத்துத் துறை அவருடைய ஓட்டுநர் உரிமத்தை முடக்குவதாகச் சொன்ன ஒற்றைத் தாளை அவர் பொருட்படுத்தவேயில்லை. ஆனால் விமானிக்கு முதலில் கெடு வைப்பது அந்தத் தாள்தான்.

அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ.வின் 61.15 விதிப்படி, உரிம முடக்கம் ஒரு நடவடிக்கை, பிறகு வரும் தண்டனைத் தீர்ப்பு இன்னொரு நடவடிக்கை. இரண்டும் ஒரே இரவில் நடந்த சம்பவத்திலிருந்து வந்தவையாக இருந்தாலும், ஒவ்வொன்றையும் அது நடந்த 60 நாட்களுக்குள் எஃப்.ஏ.ஏ.வின் பாதுகாப்புப் பிரிவுக்குத் தனித்தனியாக எழுதித் தெரிவிக்க வேண்டும். அவருடைய வக்கீல் குற்றவியல் வழக்குகளில் கைதேர்ந்தவர். ஆனால் இந்த விதியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இதை எல்லா மாணவர்களுக்கும் நான் அழுத்திச் சொல்கிறேன்: மாநில நீதிமன்ற வக்கீலோடு, விமானத் துறைச் சட்டம் தெரிந்த ஒருவரையும் உடனே பாருங்கள்.

அடுத்தது, பறப்பதற்கு விமானி பெற வேண்டிய மருத்துவச் சான்றிதழுக்கான விண்ணப்பம். பாதுகாப்புப் பிரிவுக்குக் கடிதம் அனுப்பியாயிற்று, இனி ஒன்றுமில்லை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அது வேறு, இது வேறு. விண்ணப்பத்தின் 18-ஆம் கேள்வி, தண்டனையை மட்டுமல்லாமல் கைதையும் கேட்கிறது. கையெழுத்திடும்போதே தேசிய ஓட்டுநர் பதிவேட்டைப் பார்க்க எஃப்.ஏ.ஏ.வுக்கு அனுமதி கொடுத்துவிடுகிறோம். மறைத்தவர் பொய் வாக்குமூலம் அளித்தவராகிறார். அதற்கு விமானி உரிமங்கள் அனைத்தையுமே பறிக்க முடியும். ஒரே ஒரு டி.யு.ஐ.யால் வாழ்க்கையைத் தொலைத்தவரை நான் பார்த்ததில்லை, அதை மறைக்கப் போய்த் தொலைத்தவரைப் பார்த்திருக்கிறேன். என் மாணவர் இரண்டு கடிதங்களையும் உரிய நாளுக்குள் அனுப்பினார், மருத்துவரிடம் காவல்துறை அறிக்கையையும் தீர்ப்பின் நகலையும் தாமாகவே கொடுத்தார். இன்று ஒரு பிராந்திய விமான நிறுவனத்தில் துணை விமானியாகப் பறக்கிறார். மூன்று ஆண்டுகளுக்குள் இன்னொரு சம்பவம் நடந்திருந்தால், விமானி உரிமத்தை முடக்கவோ பறிக்கவோ அதுவே காரணமாகியிருக்கும்.

துணை விமானி, சிகாகோ:

நான் சொல்வது இன்னும் கடினமான ஒரு வழக்கு. என்னோடு பறந்த கேப்டன் ஒருவருக்கு, குடித்துவிட்டுக் கார் ஓட்டிப் பிடிபட்ட இரவில் மது அளவு 0.15-க்கு மேல் இருந்தது. அந்த அளவைத் தொட்டாலோ, சோதனைக்கே மறுத்தாலோ, மருத்துவர் தாமே சான்றிதழ் கொடுத்துவிட முடியாது, கோப்பை எஃப்.ஏ.ஏ.வுக்கு அனுப்ப வேண்டும், விமானிக்கு மதுப் பழக்கம் இருக்கிறதா என்று நிபுணர்கள் ஆராய வேண்டும். அவர் மதுவைச் சார்ந்திருப்பதாக முடிவு வந்தது.

1970-களில் விமானிகள் சங்கமும் எஃப்.ஏ.ஏ.வும் நிறுவனங்களும் சேர்ந்து, மதுப் பழக்கத்திலிருந்து விமானிகள் மீண்டு பணிக்குத் திரும்புவதற்காகத் தொடங்கிய ‘ஹிம்ஸ்’ திட்டத்தில் அவர் சேர்ந்தார். சிகிச்சை, முன்னறிவிப்பில்லாத சோதனைகள், உடன் பணிபுரியும் ஒரு விமானியின் கண்காணிப்பு என நீண்ட பாதை அது. சிறப்பு மருத்துவச் சான்றிதழோடு அவர் திரும்பியபோது பணி மூப்பு கைவிட்டுப் போகவில்லை. ஆனால் பறக்காத மாதங்களில் வருமானம் வெகுவாகக் குறைந்துவிட்டது, வீட்டுக் கடன் அவரை மிகவும் வாட்டியது. அந்தத் திட்டத்தைத் தண்டனையாகப் பார்ப்பவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. அது இல்லாதிருந்தால் அவர் வாய் திறந்திருக்கவே மாட்டார், யாருக்கும் தெரியாமலே எங்களோடு பறந்துகொண்டிருந்திருப்பார்.

விமானி, சியாட்டில்:

வேலைக்கு எடுக்கும்போது நிறுவனமும் ஓட்டுநர் பதிவேட்டைப் பார்க்கும் என்பதையும், நேர்முகத்தில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பலரும் மறந்துவிடுவது கனடாவைத்தான். 2018 டிசம்பரில் அங்கே சட்டம் மாறியதிலிருந்து, போதையில் வண்டி ஓட்டுவது பத்தாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய கடுங்குற்றம். அமெரிக்காவில் பெற்ற ஒரே தண்டனைக்காகக்கூட எல்லையில் திருப்பி அனுப்ப முடியும். வான்கூவருக்கோ டொரொன்டோவுக்கோ பறக்க முடியாத விமானியை நிறுவனம் எப்படி அட்டவணையில் போடும்? தண்டனை முழுவதும் முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆன பிறகு, குற்றத்திலிருந்து மீண்டவராக ஏற்கும்படி கனடா அரசிடம் விண்ணப்பிக்கலாம். அதுவரை தற்காலிக அனுமதிதான் வழி. அபராதம், நன்னடத்தைக் காலம் எல்லாம் முடிந்த தேதியைக் காட்டும் நீதிமன்ற ஆவணத்தை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் தொடங்குகிறது.