புதுப்பிப்பு: அமைதியான கடற்கரை கிடைத்துவிட்டது

சைகோன் பைக் இரைச்சலில் மூன்று நாளாகத் தூக்கமில்லை, வியட்நாமில் கூட்டமில்லாத கடற்கரை சொல்லுங்கள் என்று போன வாரம் கேட்டிருந்தேன். நிறையப் பேர் நா ட்ராங் என்றீர்கள், ஒருவர் மட்டும் குய் நோன் என்றார். அவருக்கு ரொம்ப நன்றி!

ராத்திரி ரயில் ஏறி தியூ ட்ரீ ஸ்டேஷனில் இறங்கினேன், அங்கிருந்து குய் நோன் ஊர் 10 கி.மீ., அதற்கும் தெற்கே பாய் செப் என்ற மீனவர் கிராமம். நாலு நாளாக இங்கேதான். விடியும்போது வட்டக் கூடைப் படகுகள் கரைக்கு வருகின்றன, ஒகேனக்கல் பரிசல் மாதிரி மூங்கிலில் பின்னி பிசின் பூசியது, ஆனால் இவர்கள் இதில் கடலுக்கே போகிறார்கள். ஒரு பாட்டி வலையை உதறி உதறி மீன் எடுப்பதை களியக்காவிளையில் இருக்கும் அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டினேன். "மக்களே, இது நம்ம நெத்தோலில்லா!" என்றாள். நீரோடிக் கடற்கரைக்கு அப்பாவோடு போன ஞாயிற்றுக்கிழமைகள் ஞாபகம் வந்து கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

அப்புறம், குய் நோன் ஊருக்குள், ஒரு காலத்தில் இந்தப் பகுதியை ஆண்ட சாம் இன மக்கள் கட்டிய இரட்டைச் செங்கல் கோபுரங்களைக் கட்டாயம் பாருங்கள். அக்டோபர், நவம்பரில் மட்டும் வரவேண்டாம், நம்ம ஐப்பசி மாதிரி அடைமழை, புயலும் வரும். நான் இன்னும் இரண்டு நாள் இருக்கப் போகிறேன்.