நகத்துக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்?

குழு: தாத்தா வீட்டுத் திண்ணை

9:04 பெரியம்மா: செல்வி, இருக்கிறாயா? உங்கள் பெரியப்பாவுக்குக் கால் கட்டைவிரல் நகத்துக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஒரு வாரம் சாப்பிட்டு மூன்று வாரம் சும்மா இருக்க வேண்டுமாம். இவரோ இடைவெளி எதற்கு, ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன் என்கிறார்.

9:06 பெரியப்பா: [படம்]

9:07 அத்தை: அண்ணா! சாப்பிடும் நேரத்தில் இந்த நகத்தைப் போடுவீர்களா?

9:07 பெரியப்பா: தவறான படம். மாத்திரைச் சீட்டு இதோ.

9:08 பெரியப்பா: [படம்]

9:15 செல்வி அக்கா: பார்த்தேன் பெரியப்பா. இட்ராகோனசோல் 100 மி.கி. காப்ஸ்யூல். காலையில் 2, இரவில் 2, ஏழு நாள். மாதம் ஒரு வாரம் என்று மூன்று மாதம். இடைவெளி வீண் இல்லை. மருந்து நகத்துக்குள் போய் அங்கேயே மாதக்கணக்கில் தங்கி வேலை செய்யும். நீங்கள் சும்மா இருக்கும் மூன்று வாரமும் அது சும்மா இருக்காது.

9:16 செல்வி அக்கா: நகத்துண்டை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்களா? தடித்து மஞ்சளாகிற நகத்தில் பாதிதான் பூஞ்சை. மீதி வேறு காரணம்.

9:18 பெரியப்பா: அனுப்பினார்கள். பூஞ்சைதான். நேற்று இரவு இரண்டு, இன்று காலை இரண்டு போட்டாயிற்று.

9:18 செல்வி அக்கா: எப்படிப் போட்டீர்கள்?

9:20 பெரியப்பா: எழுந்ததும் வெறும் வயிற்றில். முதலில் வழக்கமான அசிடிட்டி மாத்திரை, பின்னாலேயே இது.

9:22 செல்வி அக்கா: ஐயோ பெரியப்பா. இந்தக் காப்ஸ்யூல் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். அதனால்தான் நன்றாகச் சாப்பிட்ட உடனே போடச் சொல்வார்கள். நீங்கள் அமிலத்தை அணைத்துவிட்டு, அமிலம் கேட்கிற மருந்தை உள்ளே அனுப்பியிருக்கிறீர்கள்.

9:23 கதிர்: அக்கா, மாத்திரை என்றாலே வெறும் வயிற்றில்தான் நன்றாக வேலை செய்யும் என்பார்களே?

9:25 செல்வி அக்கா: பொது விதி கிடையாது. இதே இட்ராகோனசோல் திரவமாக வந்தால் வெறும் வயிற்றில்தான் குடிக்க வேண்டும். டெர்பினாஃபினுக்கு எப்படியானாலும் சரி. கிரிசியோஃபல்வினுக்குக் கொழுப்புள்ள சாப்பாடு கூடவே போக வேண்டும். எல்லாம் பூஞ்சை மருந்துதான். ஆனால் பெயருக்குப் பெயர் பழக்கம் வேறு.

9:26 செல்வி அக்கா: பெரியப்பா, வேறு என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள்? ஒன்றுவிடாமல் சொல்லுங்கள்.

9:29 பெரியப்பா: பழையவைதான். பிரஷருக்கு ஒன்று. கொழுப்புக்குச் சிம்வாஸ்டாடின் 20. அப்புறம் இந்த அசிடிட்டி.

9:29 செல்வி அக்கா: தோல் டாக்டரிடம் கொழுப்பு மாத்திரையைச் சொன்னீர்களா?

9:31 பெரியப்பா: அவர் கேட்டார். பிரஷர் மாத்திரையை மட்டும் சொன்னேன். கொழுப்பு மாத்திரை இதய டாக்டர் கொடுத்தது. நகத்துக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்?

9:35 செல்வி அக்கா: சம்பந்தம் கல்லீரலில் இருக்கிறது. சிம்வாஸ்டாடினை உடைத்து வெளியேற்ற அங்கே ஒரு நொதி உண்டு. இட்ராகோனசோல் அந்த நொதியை முடக்கிவிடும். அப்புறம் நீங்கள் போடும் 20 மி.கி. ரத்தத்தில் பல மடங்காக ஏறி நிற்கும். தசை சிதையலாம், அதனால் சிறுநீரகம் அடிபடலாம். இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது என்பது விதி. பிரஷர் மாத்திரை சிலவும் இதோடு சேர்ந்தால் அளவு மாற்ற வேண்டிவரும்.

9:36 பெரியம்மா: கடவுளே. இப்போது என்ன செய்வது?

9:38 செல்வி அக்கா: பயப்பட வேண்டாம் பெரியம்மா, இரண்டு வேளைதான் ஆகியிருக்கிறது. இப்போதே தோல் டாக்டரைக் கூப்பிடுங்கள். அவரிடம் பேசாமல் இரவு காப்ஸ்யூல் வேண்டாம். நகத்துக்கு ஒரு வாரத் தாமதம் ஒன்றுமில்லை. கொழுப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அதையும் கேட்டுச் செய்யுங்கள். உடம்பு வலி உண்டா? தசையில் தளர்ச்சி? சிறுநீர் கறுத்துப் போகிறதா?

9:39 பெரியப்பா: எதுவும் இல்லை.

9:40 செல்வி அக்கா: கால் வீக்கம், மூச்சு வாங்குவது? இதயம் பலவீனம் என்று யாராவது சொன்னதுண்டா? அப்படி இருந்தால் நகத்துக்காக இந்த மருந்தைத் தரவே மாட்டார்கள்.

9:41 பெரியப்பா: இல்லையம்மா. கொழுப்பு மட்டும்தான்.

9:44 சித்தப்பா: அண்ணே, இவ்வளவு தொல்லை எதற்கு? போன வருடம் எனக்குக் கொடுத்த டெர்பினாஃபின் 250இல் பதினான்கு மிச்சம் இருக்கிறது. கொடுத்தனுப்புகிறேன்.

9:45 செல்வி அக்கா: சித்தப்பா, கால் நகத்துக்குத் தினம் ஒன்றாகப் பன்னிரண்டு வாரம். பதினான்கு எப்படி மிச்சமானது?

9:47 சித்தப்பா: வாயில் ருசியே போய்விட்டது. எதைத் தின்றாலும் மண். நிறுத்திவிட்டேன்.

9:48 செல்வி அக்கா: டாக்டரிடம் சொன்னீர்களா?

9:48 சித்தப்பா: ருசி போனதற்கெல்லாம் டாக்டரா?

9:50 செல்வி அக்கா: ஆமாம், அதற்கும்தான். அது அந்த மருந்தின் பக்கவிளைவு. பெரும்பாலும் திரும்பி வரும், சிலருக்கு நாளாகும். அந்தப் பதினான்கை யாருக்கும் கொடுக்காதீர்கள். டெர்பினாஃபின் தொடங்குவதற்கு முன்னாலும் கல்லீரல் பரிசோதனை வேண்டும்.

9:52 அத்தை: இதைப் பாருங்கள். "பலமுறை பகிரப்பட்டது: பூஞ்சை மாத்திரை கல்லீரலைக் கரைத்துவிடும்!!"

9:56 செல்வி அக்கா: கரைக்காது அத்தை. கல்லீரல் பாதிப்பு அரிது, ஆனால் உண்டு. அந்தப் பயத்துக்குப் பெரிய காரணம் கீட்டோகோனசோல் மாத்திரை. 2013இல் ஐரோப்பிய மருந்து முகமை அதன் விற்பனையையே நிறுத்தப் பரிந்துரைத்தது. அமெரிக்காவிலும் தோலுக்கும் நகத்துக்கும் அதைக் கொடுக்கக் கூடாது என்றார்கள். மற்றவற்றுக்கு முன்கூட்டி ரத்தம் பார்த்து, நடுவில் உடம்பைக் கவனித்தால் போதும். கண் மஞ்சள், கறுத்த சிறுநீர், வெளிறிய மலம், விடாத குமட்டல், காரணமில்லாத களைப்பு, வலது விலாவுக்குக் கீழே வலி. இதில் ஏதாவது வந்தால் அடுத்த வேளை போடாமல் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

9:57 சித்தப்பா: செல்வி, "அது" கொஞ்சம் எடுத்துக்கொண்டால்?

9:57 செல்வி அக்கா: மருந்து முடியும்வரை "அது" வேண்டாம் சித்தப்பா.

10:10 மீனா: அக்கா, தனியாக ஒன்று கேட்கணும்.

10:10 செல்வி அக்கா: வா.

10:31 செல்வி அக்கா: பொதுவாக எல்லாருக்கும் சொல்கிறேன். ஃப்ளூகோனசோலும் பூஞ்சை மருந்துதான். ஒரே ஒரு மாத்திரைதானே என்று அதைச் சீட்டு இல்லாமல் வாங்கிப் போடாதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு ரத்தக்கசிவு கூடும். சில சர்க்கரை மாத்திரைகளோடு சேர்ந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். கர்ப்பமாக இருந்தாலோ, இருக்க வாய்ப்பிருந்தாலோ டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

10:32 அத்தை: யார் கர்ப்பம்?

10:32 பெரியம்மா: மீனாவா?

10:32 சித்தப்பா: மீனா???

10:33 மீனா: ஐயோ, யாரும் இல்லை! அக்கா!!

10:34 செல்வி அக்கா: பொதுவாக என்றுதானே எழுதினேன்.

4:40 பெரியப்பா: தோல் டாக்டரிடம் பேசினேன். நன்றாகத் திட்டினார். காப்ஸ்யூலை நிறுத்தச் சொல்லிவிட்டார். கல்லீரல் பரிசோதனை போன மாதம் எடுத்ததாம், இன்று மறுபடி ரத்தம் கொடுத்தேன். இதய டாக்டர் கொழுப்புக்கு இதோடு மோதாத வேறு மாத்திரை எழுதித் தருகிறார். முடிவு வந்த பிறகுதான் முதல் வாரம் தொடங்கும். அசிடிட்டி மாத்திரை அந்த வாரங்களில் வேண்டாமாம். நெஞ்செரிச்சல் வந்தால் திரவ மருந்து, அதுவும் காப்ஸ்யூல் போட்டு இரண்டு மணி நேரம் கழித்து.

4:43 செல்வி அக்கா: நல்லது பெரியப்பா. எல்லா மாத்திரையையும் ஒரே தாளில் எழுதிப் பையில் வையுங்கள். பல் டாக்டரிடம் போனாலும் அதைக் காட்டுங்கள்.

4:45 கதிர்: நகம் எப்போது சரியாகும் அக்கா?

4:47 செல்வி அக்கா: கால் நகம் முழுதாக வளர ஒரு வருடம், ஒன்றரை வருடம்கூட ஆகும். மூன்று மாதத்தில் மருந்து முடியும்போதும் பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். அடியிலிருந்து தெளிவாக வளர்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

4:48 பெரியம்மா: மாதாமாதம் படம் எடுத்து வைக்கிறேன்.

4:48 அத்தை: அண்ணி, எடுங்கள். இங்கே போடாதீர்கள்.