மாதம் 300 ரேண்டில் பழைய கால்பந்து அட்டைகள்: எப்படித் தொடங்குவது?

ஃபீனிக்ஸ்வாசி (டர்பன், தென்னாப்பிரிக்கா) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் என் தாத்தா டர்பன் துறைமுகத்தில் சுமை இறக்கும் வேலையில் இருந்தார். பிரிட்டிஷ் படைக்கப்பல்கள் இங்கே வந்து சில நாட்கள் நின்று செல்லும் காலம் அது. சிகரெட் பெட்டிகளுக்குள் வைத்து விற்கப்பட்ட சிறிய கால்பந்து அட்டைகளைக் கப்பலில் வந்தவர்கள் அவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவற்றில் 23 அட்டைகளை ஒரு பழைய கணக்குப் பேரேட்டில் மாவுப்பசை கொண்டு ஒட்டி வைத்திருந்தார். சென்ற மாதம் அத்தை வீடு மாறியபோது அந்தப் பேரேடு என் கைக்கு வந்தது. இரண்டு அட்டைகளில் மட்டும் பசை விட்டுப்போய்ப் பின்புறம் தெரிகிறது. அதில் சர்ச்மேன் என்ற சிகரெட் நிறுவனத்தின் பெயர் இருக்கிறது.

இதைப் பார்த்ததிலிருந்து பழைய கால்பந்து அட்டைகளைச் சேர்க்க வேண்டும் என்ற ஆவல் எனக்கு வந்துவிட்டது. ஆனால் இரண்டு பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் வீட்டில் இதற்கென மாதம் 300 ரேண்டுக்கு மேல் ஒதுக்க இயலாது. இணையத்தில் தேடினால் ஒற்றை அட்டையே ஒரு வீட்டின் விலைக்குப் போனதாகப் படிக்கிறேன். என் வருவாயில் இது நடக்கக்கூடியதுதானா? அதோடு, பேரேட்டில் உள்ள மற்ற அட்டைகளையும் உரித்து எடுத்துப் பின்புறத்தைப் படித்துப் பார்க்கலாமா?

மாரிட்ஸ்பர்க் முதியவர் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்) எழுதுகிறார்:

தம்பி, தாராளமாக நடக்கும். தொடங்குகிறவர் எல்லோரும் அட்டை எவ்வளவு பழையதோ அவ்வளவு விலை என்று நினைக்கிறார்கள். அது சரியன்று. ஸ்வீடனின் அலிஃபாபோலாகெட் நிறுவனம் 1958இல் வெளியிட்ட பெலேயின் அட்டையும், இத்தாலியின் பனினி 1979இல் வெளியிட்ட மரடோனாவின் ஸ்டிக்கரும் நம்மைப் போன்றவர்கள் நினைத்துப் பார்க்க முடியாத விலைக்குப் போகின்றன. ஆனால் அவற்றைவிட 20, 40 ஆண்டுகள் மூத்த சிகரெட் அட்டைகள் பல, ஒரு குடும்பம் வெளியே சாப்பிடும் செலவுக்குள் கிடைக்கின்றன. சிகரெட் அட்டைகள் பெருந்தொகையில் அச்சிடப்பட்டன, பெரியவர்கள் அவற்றை ஆல்பங்களில் பத்திரமாக வைத்திருந்தார்கள், அதனால் இன்றும் நிறைய எஞ்சியிருக்கின்றன என்பதே காரணம். பெலேயின் அட்டையோ பிற்காலத்தில் உலகமே தேடும் ஒரு பெயரைத் தாங்கியது. தேடுகிறவர்களின் எண்ணிக்கைக்கு ஈடாக அட்டைகள் இல்லை.

பிரிட்டனில் சிகரெட் அட்டைகளின் காலம் காகிதத் தட்டுப்பாட்டால் 1940இல் முடிந்தது. சர்ச்மேன் 1938இல் ஒன்றும் 1939இல் ஒன்றுமாக, தொகுதிக்கு 50 அட்டைகள் வீதம் இரண்டு கால்பந்துத் தொகுதிகளை வெளியிட்டது. உங்கள் தாத்தாவிடம் இருப்பவை அவையாகவே இருக்கக்கூடும். போருக்குப் பிறகு சூயிங்கம் நிறுவனங்கள் அந்த இடத்தைப் பிடித்தன. 1950களின் இறுதியிலிருந்து 1970களின் நடுப்பகுதிவரை ஏ அண்ட் பி சி நிறுவனமும், அதன் பிறகு டாப்ஸும் சிறுவர்களுக்காகக் கால்பந்து அட்டைகளை வெளியிட்டன. 1970களில் வந்த ஏ அண்ட் பி சி தொகுதிகளை, பின்புறத்தின் நிறத்தை வைத்துப் பச்சைமுதுகு, ஆரஞ்சுமுதுகு என்றே சேகரிப்பவர்கள் அழைப்பார்கள். பனினி 1970ஆம் ஆண்டு மெக்சிகோ உலகக் கோப்பைக்குத் தன் முதல் உலகக் கோப்பை ஆல்பத்தை வெளியிட்டது.

என் தொடக்க ஆண்டு முழுவதும் வீணானது. மலிவாகக் கிடைக்கிறதே என்று கலப்பு மூட்டைகளாக வாங்கினேன். ஆண்டு முடிவில் நூற்றுக்கணக்கான அட்டைகள் இருந்தன. ஆனால் ஒரு தொகுதிகூட முழுமையடையவில்லை, எதை அடுத்துத் தேடுவது என்றும் தெரியவில்லை. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். முடிவு தெரிகிற ஒரு சிறிய வட்டத்தை முதலில் வரைந்துகொள்ளுங்கள். ஒரு தொகுதி, ஒரு குழு, அல்லது ஒரு ஆட்டக்காரர் போதும். அட்டையின் நிலையில், அதாவது தேய்மானத்தில், கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். மூலை மழுங்கிய அட்டைக்கும் கூர்மையான அட்டைக்கும் விலையில் பல மடங்கு வேறுபாடு உண்டு, ஆனால் முகம் ஒன்றுதான். ஆல்பத்தில் ஒட்டப்பட்ட தொகுதிகள் அதைவிடவும் மலிவு. பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுப் பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துத் தரும் நிறுவனங்களின் பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம்; உங்கள் அட்டையின் விலையைவிட அவர்களுடைய கட்டணம் கூடுதலாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. பழைய தொகுதிகள் பிற்காலத்தில் மறுபதிப்பாகவும் வந்திருக்கின்றன. கடைகளில் பணத்தாள் சோதிக்கும் புற ஊதா விளக்கு ஒன்றை வாங்கி இருட்டில் அட்டையின் மேல் காட்டுங்கள். காகிதத்தை வெண்மையாக்கும் ஒளிரும் வேதிப்பொருள்கள் ஏறக்குறைய 1950க்குப் பிறகே புழக்கத்துக்கு வந்தன. ஆகவே 1938ஆம் ஆண்டு அட்டை என்று விற்கப்படுவது நீலவெண்மையாகப் பளிச்சிட்டால் அதை வாங்காதீர்கள்.

தாள்காப்பாளர் (லெனேசியா) எழுதுகிறார்:

வணக்கம். நான் ஒரு நூலகத்தில் பழைய ஆவணங்களைப் பராமரிக்கும் பணியில் இருக்கிறேன், எனவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் விடை எழுதுகிறேன். தயவுசெய்து ஓர் அட்டையைக்கூட உரிக்காதீர்கள்.

மாவுப்பசை தண்ணீரில் இளகும் என்பது உண்மைதான், ஊறவைத்தால் அட்டை கழன்று வரவும் கூடும். ஆனால் பேரேட்டின் மை கரைந்து அட்டையின்மேல் படரும், அட்டையின் அடுக்குகள் பிரியும், காய்ந்தபின் அது வளைந்து நிற்கும். பின்புறத்தில் என்ன அச்சிடப்பட்டிருக்கிறது என்று அறிய உரிக்க வேண்டிய தேவையே இல்லை. அதே தொகுதியின் படங்கள் இணையத்தில் முன்னும் பின்னுமாகக் கிடைக்கின்றன. தனி அட்டைகளாக அவற்றை வேறு எங்கும் வாங்கிவிடலாம். டர்பன் துறைமுகத் தொழிலாளி ஒருவர் தம் கையால் ஒட்டிய பேரேடு இது ஒன்றுதான் இருக்கிறது.

மாவுப்பசையை இராமபாணப் பூச்சி விரும்பித் தின்னும் என்பதால் முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் மெல்லிய தூரிகையால் துடைத்து, புழுக்கையோ அரிப்போ இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து வையுங்கள். அமிலமற்ற மெல்லிய தாளைப் பக்கங்களுக்கு இடையே வைத்து, அகலமான பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டி, படுக்கவைத்த நிலையில் பெட்டியில் வையுங்கள். ரப்பர் வளையமும் ஒட்டுநாடாவும் அருகில் வரவே கூடாது. உங்கள் ஊரின் ஈரப்பதம் எங்கள் ஊரைவிடப் பெரிய பகை. வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் தகரக் கூரை வேய்ந்த கராஜும் தவிர்க்கப்பட வேண்டிய இடங்கள். 1930களின் சிகரெட் அட்டைகள் பலவற்றின் பின்புறத்தில் முன்னதாகவே பசை பூசியிருந்தார்கள். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தால் டர்பனின் ஒரு கோடைக்காலத்திலேயே கட்டியாக ஒட்டிக்கொள்ளும். ஆகவே இனி வாங்குபவற்றைத் தனித்தனி உறைகளில் இடுங்கள். பி.வி.சி. உறைகள் நாளடைவில் பிசுபிசுத்து அட்டையைக் கெடுக்கும்; பாலிப்ரோப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் என்று குறிப்பிட்ட உறைகளையே கேட்டு வாங்குங்கள்.

அட்டைகளின் அருகில் உங்கள் தாத்தா ஏதேனும் எழுதியிருக்கிறாரா?

ஃபீனிக்ஸ்வாசி:

ஐயாவுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. எழுத்து இருக்கிறதா என்று இன்றிரவு பக்கம் பக்கமாகப் பார்க்கிறேன். சிறிய வட்டம் வரையச் சொன்னீர்கள். இந்த நாட்டோடு தொடர்புள்ள ஆட்டக்காரர்களை மட்டும் சேர்த்தால் அது வட்டமாகுமா, அல்லது அகன்றுவிடுமா?

சாட்ஸ்வர்த் அண்ணன் (டர்பன்) எழுதுகிறார்:

மிக நல்ல வட்டம் அது, தம்பி, நான் 12 ஆண்டுகளாக அதற்குள்தான் இருக்கிறேன். ஜோஹனஸ்பர்க்கில் பிறந்த பில் பெரி, இங்கிலாந்தின் 1953ஆம் ஆண்டு எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தின் கடைசி நிமிடங்களில் பிளாக்பூல் குழுவுக்காக வெற்றிக் கோலை அடித்தவர். ஜெர்மிஸ்டனில் பிறந்த ஆல்பர்ட் ஜோஹனசன் 1965இல் லீட்ஸ் யுனைடெட்டுக்காக அதே கோப்பையின் இறுதியாட்டத்தில் ஆடிய முதல் கறுப்பின ஆப்பிரிக்கர். பின்னாளில் லிவர்பூலில் ஆடிய கிரெய்க் ஜான்ஸ்டன் பிறந்ததும் ஜோஹனஸ்பர்க்கில். இந்தப் பெயர்களை முதலில் ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு தொகுதியின் பெயர்ப்பட்டியலையும் எடுத்து யார் எதில் இருக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். இதற்குச் செலவு கிடையாது, மாலைப்பொழுதுகள் இனிமையாகக் கழியும்.

தொடங்குவதற்கு உகந்தவர் புரூஸ் குரோபெலார். ஜிம்பாப்வேக்காக ஆடினாலும் அவர் பிறந்தது நம் டர்பனில், 1957இல். 1980களில் லிவர்பூலின் கோல்காப்பாளராக அவர் நின்ற ஆண்டுகளின் பனினி ஸ்டிக்கர்கள் இன்றும் எளிய விலையில் கிடைக்கின்றன. நம் தெருக்களில் பாதிப் பேர் லிவர்பூல் ரசிகர்கள் என்பதால் எந்த வீட்டின் பழைய பெட்டியில் எது இருக்கும் என்று சொல்ல முடியாது. சனிக்கிழமைகளில் சாட்ஸ்வர்த்தின் பங்களாதேஷ் சந்தைக்குப் போகும்போது பழைய புத்தகம் விற்பவர்களிடம் கேட்டு வையுங்கள். நான் அப்படித்தான் பாதி நிரம்பிய ஓர் ஆல்பத்தை 80 ரேண்டுக்கு வாங்கினேன்.

இந்த வட்டத்துக்குள் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று இருக்கிறது. டர்பனின் கறீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் எங்கள் அப்பாக்கள் தோளில் உட்காரவைத்துக் காட்டிய ஆட்டக்காரர்களின் அட்டை ஒன்றுகூட இதுவரை என் கையில் வந்ததில்லை. நிறவெறிக் காலத்தில் தனித்தனிச் சங்கங்களாகப் பிரிக்கப்பட்டு ஆடியவர்கள் அவர்கள். அவர்களுக்காக என் ஆல்பத்தில் சில பைகளைக் காலியாகவே விட்டிருக்கிறேன். ஆட்ட நிகழ்ச்சிநிரல்கள், பத்திரிகைப் படங்கள், குழுப் புகைப்படங்கள் என எது கிடைத்தாலும் அதே அளவுக்கு நகல் எடுத்து அந்தப் பைகளில் வைக்கிறேன். 1996–97இல் நடந்த நம் நாட்டின் முதல் பிரீமியர் சாக்கர் லீக்கை வென்ற மேனிங் ரேஞ்சர்ஸ் நம் டர்பன் குழு. அந்தக் குழுவின் படங்களைத் தேடுவதும் இந்தப் பணியைச் சேர்ந்ததுதான் என்று கருதுகிறேன்.

மாரிட்ஸ்பர்க் முதியவர்:

வாங்கும் முறையைப் பற்றி ஒரு சொல். பிரிட்டனிலிருந்து ஒற்றை அட்டையை வரவழைத்தால் தபால் கட்டணம் அட்டையின் விலையை விழுங்கிவிடும். இங்கே வந்தபின் 15 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரியும் சேரலாம். எனக்கு ஒரு முறை அனுப்பிய உறை வந்து சேரவே இல்லை. அதன்பின் நான்கைந்து பேர் சேர்ந்து, ஒரே விற்பனையாளரிடம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மொத்தமாக வாங்கி, பதிவுத் தபாலில் வரவழைக்கிறோம். மாதம் 300 ரேண்ட் என்பதை மூன்று மாதத்துக்கு 900 என்று மாற்றி வைத்துக்கொண்டு நீங்களும் எங்களோடு சேரலாம். அவசரமாக வாங்குபவர்தான் இந்தப் பழக்கத்தில் பணத்தை இழக்கிறார்.

ஃபீனிக்ஸ்வாசி:

பேரேட்டை முழுவதும் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு அட்டையின் கீழும் தாத்தா பென்சிலால் ஆட்டக்காரரின் பெயரைத் தமிழில் எழுதியிருக்கிறார். கப்பலில் வந்தவர்கள் உச்சரித்ததைக் காதில் கேட்டபடியே எழுதியிருக்க வேண்டும். மங்கிப்போயிருந்ததால் இதுவரை என் கண்ணில் படவில்லை. கடைசிப் பக்கத்தில் அட்டை விழுந்துபோன பசைத் தடம் ஒன்று இருக்கிறது. அதன் கீழே ‘மாத்தியூசு’ என்று எழுதியிருக்கிறது. இது இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஸ்டான்லி மேத்யூஸ்தானே?

சாட்ஸ்வர்த் அண்ணன்:

அவராகத்தான் இருக்க வேண்டும். பெரி வெற்றிக் கோலை அடித்த, பிளாக்பூலுக்காக மேத்யூஸும் ஆடிய 1953ஆம் ஆண்டு இறுதியாட்டத்தை இன்றும் மேத்யூஸ் இறுதியாட்டம் என்றே அழைக்கிறார்கள். நம் வட்டத்துக்கு அவர் வெளியாளும் அல்லர். ஜோஹனஸ்பர்க்கை அடுத்த சொவேட்டோவின் கறுப்பினப் பள்ளி மாணவர்களுக்குப் பயிற்சியளித்து, நிறவெறிச் சட்டங்கள் நடப்பில் இருந்த 1975இல் அவர்களைப் பிரேசிலுக்கு அழைத்துச் சென்றவர் அவர்.

மாரிட்ஸ்பர்க் முதியவர்:

1930களில் வெவ்வேறு நிறுவனங்கள் மேத்யூஸின் அட்டையை வெளியிட்டிருக்கின்றன, அளவுகளும் மாறுபடும். நீங்கள் எதையும் வாங்குவதற்கு முன் அந்தப் பசைத் தடத்தின் நீளத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் அளந்து இங்கே எழுதுங்கள். பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டைகளின் அளவையும் சேர்த்து எழுதுங்கள். எந்தத் தொகுதி என்று தெரிந்தபின் அதை அடுத்த மொத்தக் கொள்முதலில் சேர்த்துவிடலாம். அட்டை வந்ததும் தடத்தின்மேல் ஒட்டாமல், உறையில் இட்டு அந்தப் பக்கத்தின் எதிரே வையுங்கள்.