இளைப்பு உள்ள அம்மாவின் அறைக்கு எவ்வளவு திறனுள்ள காற்றுச் சுத்திகரிப்பான் வேண்டும்?

கேள்வி (சோமனூர்):
வணக்கம். எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டிப் பக்கத்துக்காரரின் விசைத்தறிக் கூடம் இருக்கிறது. இரவு ஷிப்டும் ஓடுவதால், விடிந்து பார்த்தால் அம்மாவின் கொசுவலை மேல் வெள்ளையாகப் பஞ்சு படிந்திருக்கும். அம்மாவுக்கு இளைப்பு உண்டு; மருத்துவர் சொன்னபடி இன்ஹேலர் எடுத்துக்கொள்கிறார். அறை 12-க்கு 14 அடி. ஓட்டுக் கூரை, சுவரோரம் 9 அடி, முகட்டில் 14 அடி. கோவையில் ஒரு கடையில், '400 சதுர அடி வரை' என்று பெட்டியில் அச்சிட்ட கருவியைக் காட்டி, உங்கள் 168 சதுர அடிக்கு இது தாராளம் என்றார்கள். அதன் சி.ஏ.டி.ஆர். (சுத்தமாக்கித் தரும் காற்றின் அளவு) மணிக்கு 200 கன மீட்டர். வாங்கலாமா?

மறுமொழி (பல்லடம்):
வேண்டாம். சதுர அடியை மறந்துவிட்டு, அறைக்குள் எவ்வளவு காற்று இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் கூரையின் சராசரி உயரம் 11½ அடி. அப்படியானால் 1,932 கன அடி, அதாவது ஏறத்தாழ 55 கன மீட்டர். இளைப்பு உள்ளவர் படுக்கும் அறையில் அந்தக் காற்று முழுவதும் மணிக்கு 5 முறையாவது வடிகட்டப்பட வேண்டும் என்று கொண்டால், சி.ஏ.டி.ஆர். 275 தேவை. 8 அடி உயரமுள்ள தட்டையான கூரையாக இருந்தால் 190 போதும். உங்களுக்கு முகட்டுக்குக் கீழே உள்ள காற்றும் கணக்கில் சேர்கிறது. கடைக்காரர் காட்டிய கருவியை 8 அடி உயரமுள்ள 400 சதுர அடி அறையில் வைத்தால், மணிக்கு இரண்டு முறைக்குச் சற்று அதிகமாகத்தான் காற்று சுற்றும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெட்டியில் உள்ள எண் முழு வேகத்துக்கு உரியது. அந்த இரைச்சலில் வயதானவர் தூங்க முடியாமல் இரவில் வேகத்தைக் குறைப்பார்; குறைத்தால் திறனும் குறையும். ஆகவே 400-ஐ ஒட்டிய கருவியை வாங்கி நடு வேகத்தில் ஓட்டுவதே நல்லது. சில கருவிகளில் திறனைச் சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு எத்தனை கன அடி) என்று போட்டிருப்பார்கள், அதை 1.7-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கன மீட்டர் என்பது கிடைக்கும்.

மறுமொழி (ஈரோடு):
மேலே சொன்ன கணக்கு மூடிய அறைக்கே பொருந்தும். ஓட்டுக்கும் சுவருக்கும் இடையில் சந்து இருந்தால், வடிகட்ட வடிகட்டத் தறிக்கூடத்துத் தூசி உள்ளே வந்துகொண்டே இருக்கும். முதலில் அதை அடைத்துவிடுங்கள். இயன்றால் 9 அடியில் சீலிங் அடித்துவிடுங்கள். கொள்ளளவு 43 கன மீட்டராகும், தேவை 215-க்கு இறங்கும்.

நாங்களும் தறிக்காரர்கள்தாம். பஞ்சு கருவியின் வெளி வலையில் கம்பளி போல் அப்பிக்கொள்ளும். வாரம் ஒருமுறை கழுவி, நன்கு உலர்த்திப் போட வேண்டும், இல்லாவிட்டால் காற்று இழுப்பது குறைந்து எந்தத் திறனும் பயன்படாது. உள்ளே உள்ள, நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியைக் கழுவக் கூடாது. மாற்றத்தான் வேண்டும், ஆகவே அதன் விலையையும் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஓசோன் வெளியிடும் கருவியை இளைப்பு உள்ளவர் அறையில் வைக்கவே கூடாது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. டார்ச் அடித்துப் பார்த்தேன். தறிக்கூடத்துப் பக்கம் ஓட்டுக்குக் கீழே கை நுழையும் அளவுக்குச் சந்து இருக்கிறது. கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறேன். சீலிங் அடித்த பிறகு, 350-க்குக் குறையாத கருவியாகப் பார்த்து, கடையிலேயே நடு வேகத்தில் ஓடவிட்டுச் சத்தம் கேட்டு வாங்குகிறேன்.