டைனமிக் ஸ்டெபிலிட்டி: 'அலைவடக்கம்' சரிவருமா?

அன்புள்ள நண்பர்களே,

டைனமிக் ஸ்டெபிலிட்டியை 'இயங்கு நிலைப்பு' என்று நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றும் முன் என் மறுப்பைச் சொல்லிவிடுகிறேன். வளிமண்டலத்துக்குள் நுழையும் விண்கலத்துக்கு அந்தச் சொல் பொருந்தாது. ஓடும்போது ஆடாமல் இருக்கும் கலம் என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

நடப்பது வேறு. கலம் சற்றுச் சாய்ந்தால் காற்றே அதை நேராகத் தள்ளுகிறது. அது ஸ்டேட்டிக் ஸ்டெபிலிட்டி. ஆனால் தள்ளிய வேகத்தில் கலம் மறுபக்கம் சாய்ந்துவிடும். இந்த ஆட்டம் போகப்போகக் குறைகிறதா, கூடுகிறதா என்பதுதான் டைனமிக். முதலாவது இருந்தும் இரண்டாவது இல்லாமல் போகலாம். மழுங்கிய முகமுள்ள கலங்களுக்கு, வேகம் குறைந்து ஒலியின் வேகத்தை நெருங்கும்போது இதுதான் தொல்லை. முதுகுப்புறம் சுழலும் காற்று, கலம் அசைந்து சற்று நேரம் கழித்தே மாறுகிறது. அந்தத் தாமதம் ஆட்டத்துக்கே தீனி போடுகிறது.

காற்றுச் சுரங்கத்தில் மாதிரியைத் தண்டில் பொருத்தினால், அந்தத் தண்டே பின்புறக் காற்றைக் கலைத்துவிடும். அதனால்தான் மாதிரியைத் துப்பாக்கியால் சுட்டு, வழிநெடுக நிழற்படம் எடுத்து ஆட்டத்தை அளக்கிறார்கள். முழு அளவுக் கலத்தைப் பறக்கவிட்டுப் பார்ப்பது அப்புறம்தான். இஸ்ரோ 2014 டிசம்பர் 18 அன்று கேர் என்ற ஆளில்லாச் சோதனைக் கலத்தை 126 கி.மீ. உயரத்தில் பிரித்து வங்கக் கடலில் இறக்கியது அந்த வகை.

சூரியக் காற்றின் துகள்களைப் பூமிக்குக் கொண்டுவந்த நாசாவின் ஜெனிசிஸ் கலத்தில் முதலில் விரிய வேண்டிய சிறு பாராசூட்டுக்கு ஆட்டத்தை அடக்கும் பொறுப்பும் இருந்தது. வேகம் குறைவதை உணர்ந்து அதை விரிக்க வேண்டிய உணரியைத் தலைகீழாகப் பொருத்தியதால் 2004 செப்டம்பர் 8 அன்று அது விரியவே இல்லை. கலம் குட்டிக்கரணம் போட்டபடி வந்து யூட்டா பாலைவனத்தில் மணிக்குச் சுமார் 311 கி.மீ. வேகத்தில் மோதியது.

ஆகவே என் பரிந்துரை: ஸ்டேட்டிக்குக்கு 'நிலைமீள்வு', டைனமிக்குக்கு 'அலைவடக்கம்'. எதிர்ச்சொல் 'அலைவுப் பெருக்கம்'. பாடநூலில், படிப்படியாகக் குறையும் அலைவுக்குத் 'தடையுறு அலைவு' இருக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். இருக்கிறது; ஆனால் 'தடையுறா அலைவு' என்றால் அலைவு அதே அளவில் நீடிப்பதைத்தான் குறிக்கும், வளர்வதைக் குறிக்காது.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. கலத்தின் மூக்கு மேலும் கீழும் ஆடுவதைக் காற்று அடக்குகிறதா, வளர்க்கிறதா என்று காட்டும் எண்ணான பிட்ச் டாம்பிங் கெழு எதிர்க்குறியில் இருந்தால்தான் ஆட்டம் அடங்கும். அதை 'அலைவடக்கக் கெழு' என்று சொல்லி மைனஸ் போட்டால், அடக்கமே இல்லை என்று மாணவர் நினைப்பார். வெறும் 'அலைவுக் கெழு' போதும்: நேர்க்குறி என்றால் வளரும், எதிர்க்குறி என்றால் அடங்கும்.

பிட்ச் (மூக்கு மேல்கீழாக அசைவது), யா (இடவலமாகத் திரும்புவது), ரோல் (பக்கவாட்டில் உருள்வது) மூன்றுக்கும் தனி இழை தொடங்கலாம். அங்கே சண்டை இதைவிடப் பெரிதாக இருக்கும்.